நஸ்ருன்னிசா பேர்ல ஏறின தப்பு

"வாயை மூடி வைக்காதீங்கப்பா. தப்பு வந்தா வந்துதுன்னு எழுதுங்க. எழுதறதுக்கு ஒரே ஒரு வரிதானே?"

தி. நகர்ல பாத்திரக் கடைக்கு மேல இருக்கற அந்த ஆபீஸ்ல நஸ்ருன்னிசா தினமும் காலைல புலம்பினது இதைத்தான். பையை வெச்சு, துப்பட்டாவைச் சரி பண்ணி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணின கையோட சொல்லுவா. அங்க இருக்கற பசங்க தலையை ஆட்டுவாங்க. மூணாவது விசில்ல குக்கரை இறக்குங்கன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனா புருஷன்மார் ஆட்டுவாங்களே, அந்த மாதிரி ஒரு தலையாட்டல். அதுக்கு அர்த்தமே கிடையாது.

அது கல்யாண மண்டபங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கற ஆபீஸ். எந்த முகூர்த்தம் காலி, எது போயிடுச்சு, யார் பேர்ல பிடிச்சிருக்கு, எல்லாம் அதுலயே பார்த்துக்கலாம். உள்ள ஓடறது பி.எச்.பி.ன்னு ஒரு மொழி. அந்த மொழியில ஒரு கெட்ட வசதி இருக்கு. ஈமெயில் அட்ரஸ் நடுவுல ஒரு சுழி வருமே, அந்தக் குறியை வரிக்கு முன்னால போட்டுட்டா போதும், அந்த வரில என்ன தப்பு நடந்தாலும் சத்தமே வராது. பால் பொங்கி வழியுது, நீங்க மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஹால்ல உட்கார்ந்து சீரியல் பார்க்கறீங்க. அவ்வளவுதான் விஷயம். மண்டபத்துக்காரர் முன்னால காட்டறப்போ திரை பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் என்னிக்கோ ஒரு நாள், பிடிச்ச மண்டபம் பதிவுல ஏறவே இல்லைன்னு யாராவது வந்து அழுவாங்க. எங்க தப்புன்னு தேடினா ஒரு தடயமும் இருக்காது.

நஸ்ருன்னிசாவுக்கு இதைக் கண்டா ஆகாது. மயிலாப்பூர் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால ஒரு சந்துல பொறந்து வளர்ந்தவ. அப்பா பஸ் டிப்போவுல மெக்கானிக். வண்டில சத்தம் கேட்டா அது நல்ல வண்டி, சத்தமே இல்லாம நின்னு போறதுதான் கெட்ட வண்டின்னு சொல்ற ஆள். லஸ் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சா. அங்கயே கொஞ்ச நாள் சொல்லியும் குடுத்தா. கலீமுல்லாவைக் கட்டிக்கிட்டா. அவருக்கு தி. நகர்ல ஜிப்பு, பட்டன், ஊக்கு, லேஸு விக்கற டைலர் சாமான் கடை. பொண்ணு சாய்மா ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் இந்த ஆபீஸ்ல சேர்ந்தா. சமையலை முடிச்சு, ரெண்டு டப்பா கட்டி, ஒண்ணைப் புருஷன் கடையில இறக்கிட்டு, இன்னொண்ணோட மாடி ஏறுவா.

சேர்ந்த புதுசுலயே ஒரு காரியம் பண்ணினா. தப்பை எழுதி வெக்கறதுக்குன்னு ஒரு கிளாஸ் எழுதினா. கிளாஸ்னா பெஞ்சு போட்ட கிளாஸ் இல்ல. ஒரு தடவை ஒழுங்கா எழுதி வெச்சுட்டா, எந்த ப்ரோக்ராம் வேணும்னாலும் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கலாம். அரைச்சு டப்பாவுல போட்டு வெச்ச மசாலா மாதிரி, எந்தக் குழம்புக்கும் ஒரு ஸ்பூன். அதுக்கு அவ வெச்ச பேரு 'புகார்'. மத்தவங்க வாய்க்குள்ள நுழையாத இங்கிலீஷ் பேரா வைப்பாங்க. இவ புகார்னு வெச்சா. சிரிச்சாங்க. சிரிங்கடான்னு விட்டுட்டா.

புகார் மூணு விதமா எழுதும். தகவல், எச்சரிக்கை, பிழை. அடுப்புல பால் இருக்குங்கறது தகவல். பால் மேல ஏறுதுங்கறது எச்சரிக்கை. பொங்கி ஊத்தி, நெருப்பு அணைஞ்சு, கேஸ் நாத்தம் வருதுங்கறது பிழை. எச்சரிக்கைலயே பார்த்துட்டா பிழை வரைக்கும் போகாதுங்கறது அவ கணக்கு. என்னிக்கு, எந்த ஃபைல்ல, எத்தனாவது வரில நடந்துதுன்னு எழுதி, அந்த ஃபைலை எழுதினவங்களுக்கு அப்பவே ஒரு மெயிலும் போட்டுடும். எழுதினவங்க யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் எழுதினவங்க பேரைப் போடணும்னு ஒரு வழக்கம் கொண்டு வந்தா. புகார் அந்தப் பேரைப் படிச்சுக்கும்.

நல்ல எண்ணத்துலதான் செஞ்சா. தப்பு எங்க நடந்துதோ அங்கயே சேதி போயிடும், ஊர் முழுக்கத் தேட வேணாம்னு நினைச்சா. அதுல அவ மறந்தது ஒண்ணே ஒண்ணு. அந்த ஆபீஸ்ல எவனும் புதுசா ஒரு ஃபைலைத் தொடங்கவே மாட்டான். ஏற்கெனவே நல்லா ஓடற ஃபைல் ஒண்ணை எடுத்து, காப்பி அடிச்சு, ஃபைல் பேரை மாத்தி, உள்ள வேண்டியதை மட்டும் கிள்ளி ஒட்டுவாங்க. நல்லா ஓடற ஃபைல் யார் ஃபைல்? இவ ஃபைல்தான். அப்போ தலையில நிக்கற பேரு யார் பேரு?

மெயிலெல்லாம் இவளுக்கே வந்துது. வாடகைக்கு வந்தவன் பழைய ஆள் பேர்ப் பலகையைக் கழட்டாம விட்டா தபால் எல்லாம் யாருக்குப் போகும், அந்தக் கதைதான். மேல பேரை மாத்துங்கடான்னு கத்துவா. கத்திட்டு என்ன பண்ணுவா? அந்தத் தப்பையும் தானே உட்கார்ந்து சரி பண்ணிடுவா. பிள்ளைங்க சட்டையைத் தரையில போட்டா திட்டிக்கிட்டே எடுத்துத் துவைக்கறோமே, அதே வியாதி. அப்படிச் சரி பண்ணினதுல பாதிக்கு மேல அறிவுன்னு ஒருத்தனோடது.

அறிவு அவளுக்கு அடுத்த சீட். கல்யாண வயசு வந்த ஆள், பொடிப் பையன் இல்ல. அடையாறு ஆத்தோரம் வீடு இருந்துது. இடிச்சுட்டு பெரும்பாக்கத்துல அடுக்கு மாடில கொண்டு போய் வெச்சுட்டாங்க. ரெண்டு பஸ் மாறி வருவான். வர்றப்பவே முகம் வாடிப் போயிருக்கும். நஸ்ருன்னிசா டப்பாவைத் திறந்தா அவனுக்கும் ஒரு மூடி நிறைய எடுத்து வைப்பா. அவனும் ஒண்ணும் ஒட்டாத ஆள் இல்ல. நோன்பு மாசத்துல மத்தவங்க டீ குடிக்கக் கீழ போவாங்க, அக்கா குடிக்காம இருக்காங்களேன்னு இவனும் போக மாட்டான். சாயங்காலம் பேரீச்சம்பழம் வாங்கியாந்து மேஜை மேல வைப்பான். அக்கா, அக்கான்னு வாய் ஓயாது. வீட்டுக்குப் போனாலும் அறிவு இதைச் சொன்னான், அதைச் சொன்னான்னு இவளும் பேசுவா. உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லையான்னு கலீமுல்லா கேட்டதும் உண்டு.

வடபழனில ஒரு மண்டபம். அதோட வெப்சைட் வேலையை முதலாளி கோதண்டபாணி நஸ்ருன்னிசாகிட்டதான் குடுத்தார். நல்லா செஞ்சா. கல்யாணம்னா ஒரு நாள் காரியமா? வெள்ளிக்கிழமை காலைல முகூர்த்தம்னா வியாழக்கிழமை மத்தியானமே மண்டபம் கைக்கு வரணும். அன்னிக்கு சாயங்காலம் ரிசப்ஷன், பொண்ணு அழைப்பு எல்லாம் இருக்கு. அதனால முகூர்த்தத்தைப் பிடிச்சா முந்தின நாள் சாயங்காலத்தையும் ப்ரோக்ராம் தானா பிடிச்சு வெக்கும். வேற யாரும் கேட்டா தராது. அதுக்கு ஒரு சோதனை வெச்சிருந்தா. கல்யாண வீட்ல ஓடியாடி வேலை பார்த்த பொம்பளைக்குத்தான் தோணும் இதெல்லாம்.

ப்ளஸ் டூ படிக்கறப்போ சாய்மாவுக்கு டைஃபாய்ட் வந்துது. நஸ்ருன்னிசா லீவுல இருந்தா. அந்த நேரம் பார்த்து மண்டபத்து மேனேஜர் போன் பண்ணினார். பொறந்தநாள், காதுகுத்து மாதிரி சின்ன விசேஷத்துக்கு அரை நாள் வாடகைக்கு விடணும், சட்டுனு செஞ்சு குடுங்கன்னார். போனை எடுத்தது அறிவு. முதலாளிகிட்ட சொல்லல. இவகிட்டயும் சொல்லல. நல்ல பேரை இந்தத் தடவை நாமளே வாங்கலாம்னு பார்த்திருப்பான். இவ ஃபைலை எடுத்துக் காப்பி அடிச்சான். அரை நாளைப் போட்டுப் பார்த்தான். முந்தின நாள் சாயங்காலத்தைத் தர மாட்டேன்னு இவ வெச்ச சோதனை குறுக்க நின்னுது. சரியாத்தான் நின்னுது. அதைச் சரியா மாத்தி எழுத அவனுக்குப் பொறுமை இல்ல. மேனேஜர் திறந்து பார்க்கறப்போ ஓடினா போதும்னு அந்தச் சோதனையை அப்படியே தூங்க வெச்சான். பக்கத்துல 'இப்போதைக்கு'ன்னு ஒரு வார்த்தை எழுதி வெச்சான்.

அப்பவும் புகார் சும்மா இருக்கல. வெப்சைட்ல ஏத்தறதுக்கு முன்னால அவன் தன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கறப்பவே, இந்த சாயங்காலம் ஏற்கெனவே ஒரு கல்யாணத்துக்குப் போயிடுச்சுன்னு எச்சரிக்கை எழுதித் தள்ளிச்சு. ஏத்திட்டா இதெல்லாம் மெயிலா அக்காவுக்குத்தான் போகும். அக்கா போன் பண்ணிக் கேட்பாங்க. அதனால அந்த ஃபைல்ல புகாரோட வாயையும் பாதி தெச்சுட்டான். பிழை வந்தா மட்டும் எழுது, எச்சரிக்கை வேணாம்னு மாத்தி வெச்சான். இதுவும் இப்போதைக்குத்தான். அப்புறம் அவன் மறந்துட்டான். தலையில பேரு? அது நஸ்ருன்னிசான்னே நின்னுது.

வேலம்மா வடபழனி பஸ் டிப்போ பக்கத்துல குடியிருக்கறவ. வீட்டுக்காரர் சினிமாவுக்கு லைட் போடற யூனிட்ல வேலை. ஒரே பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சு அந்த மண்டபத்தைப் பிடிச்சிருந்தாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் பொண்ணை அலங்காரம் பண்ணி, கார்ல ஏத்தி, மேளத்தோட வந்து இறங்கினா, மண்டபத்து வாசல்ல பலூன் வளைவு. அதுல யாரோ ஒரு குழந்தை பேரு. உள்ள பாட்டு ஓடுது, கேக் தயாரா இருக்கு, பஃபேக்கு ஜனம் தட்டு எடுத்துட்டு நிக்குது. நாங்களும் முறையா பிடிச்சுத்தான் வந்திருக்கோம், குழந்தைக்கு முதல் பொறந்தநாள், வெளிய போக மாட்டோம்னு அவங்க. மேனேஜர் ரெண்டு பதிவையும் ஒண்ணாத் திறந்து பார்த்தார். ப்ரோக்ராம் அங்க படுத்துடுச்சு. புகார் ஒரே ஒரு பிழையை எழுதிச்சு. ஃபைல் பேரு, வரி, எழுதினவர் நஸ்ருன்னிசா.

அந்த ரிசப்ஷன் கார் நிறுத்தற இடத்துல, பைக்கெல்லாம் ஓரம் தள்ளிட்டு நடந்துது. மாப்பிள்ளை வீட்டாளுங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

கல்யாணச் சத்தம் அடங்கின கையோட வேலம்மா ஆபீஸ் மாடி ஏறிட்டா. முதலாளி ரூம்ல அவளையும் வீட்டுக்காரரையும் உட்காரச் சொல்லி, நஸ்ருன்னிசாவையும் அறிவையும் கூப்பிட்டாங்க. வேலம்மா உட்காரவே இல்ல.

"யாருமா அத்த எழ்தினது? மூஞ்சியக் காட்டு, பாக்கறேன். எம்பொண்ணு மேக்கப்போட ரோட்ல நின்னுச்சு. உள்ள கேக்கு வெட்டிக்கினு கீறாங்க. சம்பந்தி அம்மா இன்னா கேட்டா தெர்மா? மண்டபம் புட்ச்சியா, பார்க்கிங் புட்ச்சியான்றா."

கோதண்டபாணி புகார் எழுதினதைத் திரையில காட்டினார். நஸ்ருன்னிசா அதுக்கு முன்னாலயே அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருந்தா. தன் வரிங்கதான். நடுவுல தன்னோட சோதனை தூங்கிக்கிட்டு இருக்கு. பக்கத்துல 'இப்போதைக்கு'. அந்த ஆபீஸ்ல அப்படி எழுதி வெக்கற பழக்கம் ஒருத்தனுக்குத்தான். இது என் ஃபைலோட காப்பி சார், நான் லீவுல இருந்தப்போ யாரோ மாத்தியிருக்காங்கன்னு சொன்னா. யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, எல்லாரும் அதுல போய்த்தான் ஃபைலை ஏத்துவாங்க. ஆளுக்கு ஒண்ணு வையுங்கன்னு இவ எத்தனையோ தரம் கேட்டு, அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மான்னு அவர்தான் தள்ளிவிட்டார். மண்டபத்து மேனேஜரைப் போன்ல கேட்டாங்க. ஆபீஸுக்குப் பண்ணினேன், யார் எடுத்தாங்கன்னு ஞாபகம் இல்லைன்னு அவர் கழண்டுக்கிட்டார்.

"உன் கிளாஸ்தானே இது? அதுவே உன் பேரைச் சொல்லுது. நான் எதை நம்பறது?"ன்னார் கோதண்டபாணி.

நஸ்ருன்னிசா அறிவைப் பார்த்தா. அவன் கதவுக்குப் பக்கத்துல நின்னு போன் கவரை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தான். அவ கோபமா பார்க்கல. இப்போ சொல்லிடுவான்னு நம்பிக்கையோடதான் பார்த்தா. நம்ம வீட்டுப் பிள்ளை, பயந்து போயிருக்கான், நாமளே கொஞ்சம் எடுத்துக் குடுப்போம்னு நினைச்சா.

"அறிவு, நீயே சொல்லுப்பா."

அவன் நிமிரல.

"அக்கா ஃபைல்தான் சார்."

அவ்வளவுதான் சொன்னான். சும்மா இருந்திருந்தா கூட பயம்னு நஸ்ருன்னிசா விட்டிருப்பா. இவன் வாயைத் திறந்து சொன்னான்.

கோதண்டபாணி பேச்சை முடிச்சு வெச்சார். நாளைக்கு ஒரு பழத்தட்டு எடுத்துக்கிட்டு வேலம்மா வீட்டுக்குப் போகணும், என் தப்புதான்னு நஸ்ருன்னிசா சொல்லணும், அதோட விஷயம் முடிஞ்சுது, வேலையும் இருக்கும். சொல்ல மாட்டேன்னா நாளைக்கு மறுநாள் வரத் தேவையில்ல. தட்டை ஆபீஸே வாங்கித் தரும்னு பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

சாயங்காலம் பனகல் பார்க் பஸ் ஸ்டாப்ல அறிவு பின்னாலயே வந்தான். அழுதுட்டு வந்திருந்தான் போல, மூக்கு சிவந்திருந்துது. நான் சொன்னா சார் அன்னிக்கே அனுப்பிடுவார்க்கா, உங்களைத் திட்டிட்டு விட்டுடுவார், உங்களுக்கு மாமா கடை இருக்கு, எனக்கு யார் இருக்கா, பெரும்பாக்கத்துலேருந்து இன்னொரு வேலைக்கு எங்க போவேன்னு அடுக்கினான். பொய்யும் இல்ல அது. கஷ்டம் நிஜம்தான். அப்புறம் சொன்னான், "எப்பவும் நீங்கதானேக்கா சரி பண்ணுவீங்க."

நஸ்ருன்னிசா அவனை ஏற இறங்கப் பார்த்தா.

"உன் தப்பைத் திருத்தித் தந்தேன் அறிவு. அதை என்னுதுன்னு என்னிக்காவது சொன்னேனா?"

பஸ் வந்துது. ஏறிட்டா. அவன் ஏறல.

வீட்ல கலீமுல்லா சொன்னதும் முதலாளி சொன்னதுக்குப் பக்கத்துல பக்கத்துலதான். ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடு, சாய்மா காலேஜ் இருக்கு, ஊருக்காக ஏன் ரோஷம்னார். நல்ல மனுஷன்தான். ஆனா நம்ம பேரு கெட்டா அது ஒரு சின்ன விஷயம், அவர் கடைல ஒரு டஜன் ஜிப்பு எண்ணிக்கை குறைஞ்சா அது பெரிய விஷயம். ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்காங்க. இவ ராத்திரி சாப்பாட்டுக்கு மாவு பிசைஞ்சா. பிசைஞ்ச வேகத்துல மாவு கல்லாட்டம் ஆச்சு, ரொட்டியை யாராலயும் மெல்ல முடியல.

மறுநாள் காலைல ஆபீஸ்ல மாதுளை, ஆப்பிள், வெத்தலை பாக்கு எல்லாம் வெச்சுக் கண்ணாடி பேப்பர் சுத்தின தட்டு மேஜை மேல இருந்துது. நஸ்ருன்னிசா அதைத் தொடல. தோள்ல பையை மட்டும் மாட்டிக்கிட்டு வடபழனிக்குப் போனா.

வேலம்மா வீடு மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம், ஒரு சமையல் இடம். கல்யாணத்துக்கு வாங்கின பாத்திரம் பாதி இன்னும் மூட்டையிலயே இருந்துது. இவளைப் பார்த்ததும் வேலம்மா கையைத்தான் முதல்ல பார்த்தா. ஒண்ணும் இல்ல.

"மன்னிப்பு கேக்க வர்றாங்கன்னு உங்க மொதலாளி போன் பண்ணாரே. வெறுங்கையோட வந்து நிக்கற?"

"மூஞ்சியைக் காட்டுன்னு கேட்டீங்களேம்மா. இந்த மூஞ்சி இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். உங்க பொண்ணுக்கு நடந்தது அநியாயம். அதை நான் செய்யல."

"அந்தப் புள்ள நீதான்னு சொல்ட்டானே."

"அவன் சொன்னது பொய்."

வேலம்மா ஒரு முறத்தை நகர்த்தி வெச்சுட்டு, தரையில உட்கார்ந்தா.

"பேரு உன்துன்ற, எழ்தலன்ற. அவன் நீதான்றான். ரெண்டு பேர்ல எவ பொய்யி, எவன் பொய்யின்னு நான் எப்டிமா கண்டுபுடிக்கறது? எனக்கு இன்னா கம்ப்யூட்டரா தெரியும்?"

வேலம்மா கேட்டது நியாயம்தான். வேலம்மா எழுந்து போய் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினா. நம்பிக் குடுத்தாளா, வெயில்ல வந்தவளாச்சேன்னு குடுத்தாளா, தெரியாது. இவ குடிச்சுட்டு, சொம்பைக் கீழ வெச்சுட்டு வந்துட்டா.

வேலை போச்சு. அதோட நின்னா பரவாயில்லையே. தி. நகர்லயும் வடபழனிலயும் வெப்சைட் வேலை குடுக்கறவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. ஒரு மண்டபத்தை ரெண்டு பேருக்கு வித்த பொம்பளைன்னு பேரு பரவிடுச்சு. இன்டர்வியூவுக்குப் போனா நல்லாத்தான் பேசுவாங்க. பழைய ஆபீஸ் பேரைச் சொன்னதும் பேச்சு நிக்கும், காபி வரும், அப்புறம் சொல்றோம்னு அனுப்பிடுவாங்க. ஒரு ஸ்கூல் நிர்வாகி நேராவே கேட்டார், எங்க அட்மிஷனையும் ரெண்டு பேருக்கு வித்துடுவியாம்மான்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். இவளும் சிரிச்சுட்டு எழுந்து வந்துட்டா.

அடையாறுல ஒரு மண்டபத்து ஆபீஸ்ல ஷகீலான்னு ஒரு பொண்ணு கணக்கு பார்க்கறா. அவ நஸ்ருன்னிசாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவங்களும் அதே கோதண்டபாணியோட வெப்சைட்தான் வெச்சிருக்காங்க. ஒரு நாள் ஷகீலா ஒரு படத்தைப் போன்ல அனுப்பினா. அக்காவை பாஜின்னு கூப்பிடறவ, பாஜி, இது நீ எழுதினதாச்சேன்னு கேட்டிருந்தா. புகார்லேருந்து வந்த மெயில் அது, இப்பல்லாம் மண்டபத்துக்காரங்களுக்கும் ஒண்ணு போகுது போல. எச்சரிக்கை, தேதி, வரி, எல்லாம் இவ வெச்ச ஒழுங்குல அப்படியே இருந்துது. அடியில 'புகார், உருவாக்கியவர்'னு ஒரு வரி வரும். அதுல அறிவுன்னு இருந்துது.

எத்தனையோ ஃபைலைக் காப்பி அடிச்சான், ஒண்ணுலயாவது மேல இருந்த பேரை மாத்தினானா? மாத்துடான்னு தொண்டை வறள இவ கத்தினப்போ மாத்தினானா? தப்பு இருந்த ஃபைல்ல எல்லாம் இவ பேரு பத்திரமா நின்னுது. ஒழுங்கா ஓடற இந்த ஒண்ணுலதான் அவனுக்கு மாத்தணும்னு தோணியிருக்கு.

ஆபீஸ் ரூம்ல அழல, பஸ் ஸ்டாப்ல அழல, வேலை போனதுக்கு அழல. அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் நஸ்ருன்னிசா அழுதா. வெங்காயம் நறுக்கிட்டு இருந்தா, அதனால யாரும் ஏன்னு கேட்கல. கலீமுல்லா மட்டும் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பி.எச்.பி.யும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆனா பேரு படிக்கத் தெரியும். ரொம்ப நேரம் கையில வெச்சுட்டு இருந்தார். மறுநாள் கடையில ஊக்கு டப்பாங்களை மேல ஏத்திட்டு, ஒரு ஓரத்துல சின்ன மேஜை போட்டார். இங்க உட்காருன்னார். அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வான்னு சொன்னதுக்கு அவர் இதுவரைக்கும் ஒண்ணும் பேசினதில்ல. மேஜைதான் போட்டார்.

அறிவு இன்னும் அதே ஆபீஸ்லதான் இருக்கான். சம்பளம் ஏத்திக் குடுத்திருக்காங்களாம். பெருநாளைக்கு அவன்கிட்டேருந்து வாழ்த்து வந்துது, ஒரு பிறை படத்தோட. நஸ்ருன்னிசா அதுக்குப் பதில் போடல, அழிக்கவும் இல்ல.

மேஜை போட்டாச்சு, ஆள் வரணுமே. பிளவுஸ் தெக்கறவங்க, பொட்டிக் வெச்சிருக்கறவங்க ஜிப்பு வாங்க வர்றப்போ, இந்தம்மா கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்கன்னு கேட்பாங்க. ரெண்டு மூணு பேரு அவங்க கடை வெப்சைட்டைக் குடுத்துப் பார்த்தாங்க. ஒழுங்கா இருக்கு. மத்த நாள் சும்மாதான் உட்கார்ந்திருக்கா. பழைய புகாரைத் தொடவே இல்ல, புதுசா ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கா. இதுல யார் எழுதினாலும் அவங்கவங்க சாவியைப் போட்டுத்தான் திறக்க முடியும், காப்பி அடிச்சா பழைய பேரு கூடவே ஒட்டிக்கிட்டு வராது. நல்ல சரக்கு. வாங்கத்தான் ஆள் இல்ல. மண்டபத்தை ரெண்டா வித்தவங்கற பேச்சு இவளுக்கு முன்னால கடை கடையாப் போய் உட்கார்ந்திருக்கு.

அந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. கேட்டுட்டு ஐயோ பாவம் அந்தக் கல்யாணப் பொண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. பாவம்தான், இல்லைன்னு யார் சொன்னா. ஆனா ஒரு பக்கம்தானே கேட்டீங்க. புடவை எடுக்க, பாத்திரம் எடுக்கன்னு தி. நகர் பக்கம் போகாமயா இருக்கப் போறீங்க? தெற்கு உஸ்மான் ரோடுலேருந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பறதுக்கு முன்னால இடது கை சந்து, வாசல்ல லேஸ் சுருள் தொங்கும், கலீமுல்லா டைலர் சாமான் கடைன்னு கேட்டா கரும்பு ஜூஸ்காரர் காட்டுவார். மத்தியானத் தொழுகைக்குக் கடையைக் கொஞ்சம் சாத்துவாங்க, அதுக்கு முன்னால போங்க. வெப்சைட் இருந்தா கொண்டு போங்க, இல்லைன்னா ஒரு முழம் லேஸ் வாங்கப் போங்க. அவ எதிர்ல ஒரு ஸ்டூல் கிடக்கும், உட்கார்ந்து என்ன நடந்துதுன்னு அவளையே கேளுங்க. அவளா ஆரம்பிக்க மாட்டா. கேட்டா சொல்லுவா. போய்ப் பார்த்துட்டு வாங்க.